10 உயிர் போனால்தான் 'கரும்புள்ளி'யா? குன்றாண்டார்கோவில் சாலைகள் கேட்கும் கேள்வி!

கீரனூர்,-

சாயங்காலம் 6 மணி. ஆபீஸ் விட்டாச்சு. மாத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிஞ்சாச்சு. திருச்சி - புதுக்கோட்டை ரோட்டில் பஸ், லாரி, வேன், மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒரே நேரத்தில் தெற்கே பாய்கின்றன. கீரனூரில் கிளை பிரிந்து குன்றாண்டார்கோவில், கிள்ளுக்கோட்டை பக்கம் வீடு போய்ச் சேர வேண்டியவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

நாட்டிலேயே அதிக விபத்து நடக்கும் நேரமும் இதுதான்! மத்திய அரசின் கணக்குப்படி, மொத்த விபத்துகளில் ஏறத்தாழ 5-ல் ஒரு பங்கு மாலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் நடுவில் நடக்கிறது. அதாவது, இந்தப் பேப்பரைப் படித்து முடித்து, மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நீங்கள் வண்டியை எடுக்கும் நேரம்!

குன்றாண்டார்கோவிலை வெளியூர்க்காரர்கள் குடைவரைக் கோவிலுக்காக அறிவார்கள். குன்றைக் குடைந்த கோவில். அதன் முன்னால், குதிரை பூட்டிய தேர் மாதிரியே சக்கரத்தோடு செதுக்கிய கல் மண்டபம். அந்தத் தேரை நிம்மதியாகச் சுற்றிப் பார்க்கலாம். அது ஓடாது. ஆனால் கோவிலை விட்டு ரோட்டுக்கு வந்தால் ஓடுகிற வண்டிக்கு நடுவில்தான் நிற்க வேண்டும். அந்த ரோட்டைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

இரண்டு பெரிய விபத்துகள்

புதுக்கோட்டை மாவட்டத்தை உலுக்கிய இரண்டு விபத்துகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

2019 ஜனவரி 6-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. தெலுங்கானா மாநிலத்தில் இருந்து சபரிமலைக்கு வந்த ஐயப்ப பக்தர்களின் வேனும், கன்டெய்னர் லாரியும் திருமயம் அருகே மோதிக்கொண்டன. 10 பேர் பலியானார்கள்.

2023 டிசம்பர் 30-ந் தேதி, விடிவதற்கு முன். நமணசமுத்திரத்தில் டீக்கடை ஓரம் பக்தர்களின் வாகனங்கள் நின்றுகொண்டிருந்தன. சிமெண்டு ஏற்றி வந்த லாரி அங்கே பாய்ந்தது. 5 பேர் பலி. டீ குடிக்க நிறுத்திய இடத்திலேயே உயிர் போயிற்று! லாரி டிரைவர் அசதியில் கண் அயர்ந்திருக்கலாம் என்று அப்போது செய்திகள் வந்தன.

இரண்டும் பெரிய செய்தி. முதல் பக்கத்தில் படத்தோடு வந்தது. ஊரே பேசியது. நாலு நாள் கழித்து ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

ஆனால் பெரிய விபத்துகளை மட்டும் கூட்டிப் பார்த்தால் கணக்கு வராது. 2023-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 67 ஆயிரத்து 213. இந்தியாவிலேயே இதுதான் அதிகம். இறந்தவர்கள் 18 ஆயிரத்து 347 பேர். வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 50 பேர்! காலையில் ஒரு டவுன் பஸ் நிறைய ஆள் ஏறி, சாயங்காலம் ஒருவரும் வீடு திரும்பாததற்குச் சமம். தினமும்!

இந்த 50 பேரும் ஒரே இடத்தில் இறப்பதில்லை. ஒரு ஊரில் ஒருத்தர், இன்னொரு ஊரில் ஒருத்தர் என்று தனித்தனியாக விழுகிறார்கள். அதனால் அது செய்தி ஆவதில்லை. உள்பக்கத்தில் நாலு வரி. அதோடு சரி.

எந்த ரோட்டில் சாவு அதிகம்?

"நேஷனல் ஹைவேயில்தான் சாவு. நம்ம ஊர் ரோட்டில் என்ன இருக்கு?" என்று நினைப்பவர்கள் அடுத்த கணக்கைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும்.

2022-ம் ஆண்டில் இந்தியா முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். இதில் தேசிய நெடுஞ்சாலைகளில் இறந்தவர்கள் நூற்றுக்கு 36 பேர். மாநில நெடுஞ்சாலைகளில் 24 பேர். மீதி 39 பேருக்கு மேல் இறந்தது மாவட்டச் சாலை, ஒன்றியச் சாலை, தெரு போன்ற 'இதர சாலை'களில்!

அதே ஆண்டில் இறந்தவர்களில் நூற்றுக்கு 68 பேர் கிராமப்புறப் பகுதிகளில் உயிர்விட்டவர்கள்.

நெடுஞ்சாலை நீளம் குறைவு, வண்டி அதிகம். அதனால் ஒரு கிலோமீட்டருக்கு என்று பார்த்தால் நெடுஞ்சாலைதான் பயங்கரம். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் மொத்தப் பிணக் கணக்கைப் பார்த்தால், குன்றாண்டார்கோவில் ரோடு மாதிரியான ரோடுகள்தான் முன்னால் நிற்கின்றன.

'கரும்புள்ளி' என்றால் என்ன?

அடிக்கடி விபத்து நடக்கும் இடத்தை அதிகாரிகள் 'கரும்புள்ளி' என்கிறார்கள். யாரோ வாய்க்கு வந்தபடி வைத்த பெயர் அல்ல. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதற்கு ஓர் இலக்கணமே வகுத்திருக்கிறது. அது வருமாறு:-

ஏறத்தாழ 500 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டுச் சாலையில், கடந்த 3 ஆண்டுகளில், உயிர்ச்சேதமோ படுகாயமோ ஏற்பட்ட விபத்து 5 நடந்திருக்க வேண்டும். அல்லது 10 உயிர் போயிருக்க வேண்டும். அப்போதுதான் அது கரும்புள்ளி. அதன்பிறகு எஞ்சினீயர்கள் வந்து பார்ப்பார்கள். தடுப்பு வைப்பார்கள், விளக்கு போடுவார்கள், தேவைப்பட்டால் பாலமே கட்டுவார்கள்.

இதை ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. கையில் இருக்கும் பணம் கொஞ்சம். அதிகம் பேர் சாகும் இடத்தில் முதலில் செலவழிப்பதுதான் நியாயம். நெடுஞ்சாலைக்கு இந்த அளவுகோல் பொருந்தும்.

கிராமத்து ரோட்டுக்குப் பொருந்துமா? பொருந்தாது! அங்கே இந்த வளைவில் இந்த வருஷம் ஒருத்தர். 2 கிலோமீட்டர் தள்ளி அடுத்த வருஷம் இன்னொருத்தர். அதற்கும் அப்பால் பாலத்துக் கட்டையில் மூன்றாமவர். 500 மீட்டருக்குள் 5 விபத்து என்ற கணக்கு அங்கே ஒருபோதும் சேராது. சாவு உண்டு, கரும்புள்ளி இல்லை! கரும்புள்ளி இல்லாததால் திட்டம் இல்லை, பணமும் இல்லை.

ஆகவே கிராமத்து ரோட்டில் இடத்தை எண்ணக் கூடாது. ஆபத்தின் வகையை எண்ண வேண்டும். எந்த மாதிரி இடத்தில் இடிக்கும் என்று ஊர்க்காரர்களுக்கே தெரியும். உயிர் போகும் வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

எங்கே இடிக்கும்?

அந்த இடங்கள் வருமாறு:-

1. கிளை ரோடு மெயின் ரோட்டில் சேரும் இடம். ஊருக்குள் இருந்து வருகிறவர் நிற்காமல் ஏறிவிடுகிறார். மெயின் ரோட்டில் வருகிறவருக்கு அங்கே ஒரு ரோடு சேர்வதே தெரியாது. போர்டு இல்லை, விளக்கும் இல்லை.

2. வளைவு. வளைவின் உள்பக்கம் சீமைக் கருவேலம் அடர்ந்து நின்றால் எதிரில் வரும் வண்டி மூக்குக்கு நேரே வந்தபிறகுதான் தெரியும். மரத்தை வெட்ட கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஒரு நாள் வேலை!

3. இருட்டில் நிற்கும் வண்டி. டயர் பஞ்சரான லாரி, கரும்பும் வைக்கோலும் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர். பின்னால் சிவப்பு விளக்கும் கிடையாது, ஒளிரும் ஸ்டிக்கரும் கிடையாது. மோட்டார் சைக்கிளில் வருகிறவர் நேராகப் போய் அதன் அடியில் சொருகிக்கொள்கிறார்.

4. தார் முடியும் விளிம்பு. மேலே மேலே தார் போட்டு ரோடு உயர்ந்துவிடும். ஓரத்து மண் பள்ளமாகவே கிடக்கும். பஸ்ஸுக்கு வழிவிட இறங்கும் சைக்கிள்காரர் சரிந்து, அதே பஸ்ஸின் பின்சக்கரத்தில் விழுகிறார்.

5. வெள்ளை அடிக்காத வேகத்தடை. விபத்து நடந்த கோபத்தில் ஊர்க்காரர்களே ஒரு ராத்திரியில் மேடு போட்டுவிடுவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் முறைப்படி வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலமும், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். பெயிண்டு அடிக்க வேண்டும், முன்னாலேயே போர்டு வைக்க வேண்டும். முழங்கால் உயரத்துக்குக் குறுகலாகப் போட்ட மேடு, பின்சீட்டில் உட்கார்ந்து வரும் அம்மாவைத் தூக்கி எறிந்துவிடும். உயிரைக் காக்கப் போட்டதே உயிரை வாங்கும்!

6. ரோட்டில் காயும் நெல்லும் உளுந்தும். அறுவடைக் காலத்தில் களம் போதவில்லை என்று பாதி ரோட்டில் கொட்டிவிடுகிறோம். சுற்றிக் கல் வைக்கிறோம். சாயங்காலம் தானியத்தை அள்ளிக்கொண்டு போகிறோம், கல்லை விட்டுவிட்டுப் போகிறோம். ராத்திரி வருகிறவனுக்குக் கல் இருப்பது தெரியுமா?

இந்த ஆறில் ஒன்றாவது உங்கள் ஊர் ரோட்டில் இல்லை என்று சொல்ல முடியுமா?

வேகத்துக்கு ஒரு கணக்கு

"மெதுவாத்தான் வந்தேன். 80-தான் இருக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. 80 என்றால் என்ன?

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 22 மீட்டர் ஓடும். ஆடு குறுக்கே வருகிறது. கண் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆகும். அதற்குள் 33 மீட்டர் போய்விட்டது! அதன்பிறகுதான் பிரேக்கே பிடிக்கிறது. காய்ந்த தார் ரோடு, நல்ல டயர், நல்ல பிரேக் எல்லாம் இருந்தாலும் வண்டி நிற்க மொத்தம் சுமார் 70 மீட்டர் ஆகும்.

அதே வண்டி 40-ல் வந்தால்? சுமார் 25 மீட்டரில் நின்றுவிடும். வேகம் இரண்டு மடங்கு. ஆனால் நிற்கும் தூரம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு!

இருட்டில், எதிர் வண்டிக்காக லைட்டை டிம் செய்துவிட்டு 80-ல் போகிறவர், தன்னால் நிறுத்த முடியாத தூரத்துக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் ஓட்டுகிறார். கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசம் அதிகம் இல்லை.

2022-ல் இந்தியாவில் இறந்தவர்களில் நூற்றுக்கு 71 பேரின் சாவுக்கு அதிவேகமே காரணம் என்று அரசுக் கணக்கு சொல்கிறது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்து 4 சதவீதம் கூடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கீரனூரில் இருந்து 10 நிமிஷம் முந்திப் போய் யாரும் கோட்டை கட்டப் போவதில்லை!

டிரைவரை மட்டும் திட்டலாமா?

விபத்து நடந்ததும் டிரைவரைப் பிடித்து அடிப்பது நம் வழக்கம். தப்பு செய்த டிரைவருக்குத் தண்டனை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விடியற்காலை 4 மணிக்கு ஒரு மனுஷன் ஸ்டீரிங்கில் ஏன் தூங்குகிறான் என்று யாராவது கேட்டோமா?

1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்ன சொன்னது? ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை. வாரத்துக்கு 48 மணி நேரம். 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு. சட்டம் வந்து 60 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ராத்திரி லோடு ஓட்டும் எந்த டிரைவரையாவது நிறுத்தி, "அண்ணே, தூங்கி எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள்.

இதில் நமக்கும் பங்கு உண்டு, கடைக்காரர்களே! "காலையில் கடை திறக்கும்போது சரக்கு வந்திருக்கணும். இல்லேன்னா வேற வண்டி பார்த்துக்கிறேன்" என்று போனில் சொல்கிறோமே, அந்தச் சொல் ராத்திரி முழுக்க அந்த டிரைவரின் காலை ஆக்சிலேட்டரில் அழுத்துகிறது. 2 மணி நேரம் தாமதமாக வந்தால் சரக்கு ஒன்றும் கெட்டுப்போகாது. டிரைவர் அந்த 2 மணி நேரம் கண் மூடினால் ரோட்டோரம் டீ குடிப்பவர்கள் பிழைப்பார்கள்.

இன்னொன்று, லோடு ஆட்டோவில் ஆள் ஏற்றுவது. காது குத்து, கெடா வெட்டு, நாற்று நடவு எதுவானாலும் சரக்கு வண்டியில் 20 பேரைத் திணித்துக்கொண்டு போகிறோம். 2019 ஆகஸ்டில் துறையூர் அருகே கோவிலுக்குப் போனவர்களின் சிறிய சரக்கு வண்டி சாலையோரக் கிணற்றில் பாய்ந்து 8 பேர் பலியானது நினைவிருக்கும். சரக்கு வண்டியில் சீட் கிடையாது, பிடிமானமும் கிடையாது. கவிழ்ந்தால் ஆளும் மூட்டையும் ஒன்றுதான். சட்டப்படி அது குற்றம். அதைவிட, அது தெரிந்தே செய்யும் தற்கொலை!

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. "பஸ் இருந்தா நாங்க ஏன் இதுல ஏறப் போறோம்?" என்று நடவுக்குப் போகும் பெண்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நம்பி ஏற ஒரு டவுன் பஸ் இருந்தால், பாதி லோடு ஆட்டோ தானாகக் காலியாகும். பஸ் விடுவதும் விபத்துத் தடுப்புதான்!

தலைக்கு 1,000 ரூபாயா?

2022-ல் நாட்டில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50 ஆயிரத்து 29 பேர். இதில் 14 ஆயிரத்துக்கும் மேல் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்!

ஹெல்மெட் போட்டால் சாவு 42 சதவீதமும், தலைக்காயம் 69 சதவீதமும் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் இருந்து ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம் ரூ.1,000. ஆனால் நம் ஆள் என்ன செய்கிறார்? ஹெல்மெட்டைக் கண்ணாடியில் தொங்கவிடுகிறார். செக்போஸ்ட்டைப் பார்த்ததும் தலையில் கவிழ்க்கிறார். தாண்டியதும் மறுபடி கழற்றுகிறார். "உள்ளூருக்குள்ளதானே" என்கிறார். மேலே சொன்ன கணக்கை மறுபடி பாருங்கள். சாவு அதிகம் உள்ளூர் ரோட்டில்தான்!

வாரும் முக்கியம். தாடைக்குக் கீழே கிளிப் போடாத ஹெல்மெட், விழுந்த மாத்திரத்தில் தனியாக உருண்டு ஓடிவிடும். தலை தனியாக அடிபடும்.

பத்தாம் வகுப்புப் பையனிடம் "கடைக்குப் போய்ட்டு வாடா" என்று வண்டிச் சாவியைக் கொடுக்கும் அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. 18 வயது நிரம்பாதவன் விபத்து செய்தால், 2019-ல் திருத்திய சட்டப்படி பெற்றவர் அல்லது வண்டிக்குச் சொந்தக்காரர் மீது வழக்கு. 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.25 ஆயிரம் அபராதம், வண்டியின் பதிவும் ஓராண்டு ரத்து!

குடித்துவிட்டு ஓட்டினால் முதல் தடவையே 6 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.10 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும். இதையும் மறந்துவிட வேண்டாம்.

சுவீடன்காரன் என்ன செய்தான்?

மனுஷன் என்றால் தப்பு செய்வான். கண் அயர்வான், அவசரப்படுவான், கவனம் சிதறும். 1997-ல் சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் இதை ஒத்துக்கொண்டே ஒரு கொள்கை கொண்டுவந்தது. 'தப்பு நடக்கும். ஆனால் அந்தத் தப்புக்கு மரண தண்டனை கூடாது' என்பது அதன் சாரம். ரோட்டைப் போடுகிறவனுக்கும் பொறுப்பு உண்டு என்று எழுதி வைத்தார்கள்.

எதிரும் புதிருமாக மோதும் ரோடுகளில் நடுவே கம்பி வடம் கட்டினார்கள். ஊருக்குள் வேகத்தைக் குறைத்தார்கள். 1997-ல் அந்த நாட்டில் சாலையில் இறந்தவர்கள் 500 பேருக்கு மேல். சமீப ஆண்டுகளில் 250-க்கும் கீழே வந்துவிட்டது. இத்தனைக்கும் இந்த இடைக்காலத்தில் வண்டிகள் பெருகித்தான் இருக்கின்றன.

சுவீடனின் பணம் நம்மிடம் இல்லை. ஆனால் கருவேலத்தை வெட்டவும், கிளை ரோட்டு முனையில் 'நில்' போர்டு நடவும், ஓரத்துப் பள்ளத்தில் கிராவல் கொட்டவும் சுவீடன் பணம் எதற்கு?

அடிபட்டுக் கிடந்தால்...

தடுக்கத் தவறி விபத்து நடந்தேவிட்டால் அடுத்த ஒரு மணி நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. முதலில் 108-க்குப் போன். கீரனூர் வட்டாரம் திருச்சி பெரியாஸ்பத்திரிக்கும், 2017-ல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது.

"தூக்கிட்டுப் போனா போலீஸ் நம்மளைத்தான் கேக்கும்" என்று ஒதுங்க வேண்டாம். அந்தக் காலம் போய்விட்டது. உதவி செய்பவர் மீது சிவில் வழக்கும் கிடையாது, கிரிமினல் வழக்கும் கிடையாது என்று சட்டமே சொல்கிறது. பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ரூ.25 ஆயிரம் பரிசு என்று மத்திய அரசு 2025-ல் அறிவித்தது.

பணத்துக்கும் பயப்பட வேண்டாம். 2021 டிசம்பர் 18-ந் தேதி மேல்மருவத்தூரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த ஊர்க்காரர், எந்த மாநிலத்துக்காரர் என்ற பேதம் கிடையாது. 2025 மே மாதம் வந்த மத்திய அரசின் திட்டத்தில் 7 நாள் வரை, ரூ.1½ லட்சம் வரை கையில் காசு கட்டாமல் சிகிச்சை உண்டு.

இடித்த வண்டி நிற்காமல் ஓடிவிட்டால்? இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.2 லட்சம், படுகாயம் அடைந்தவருக்கு ரூ.50 ஆயிரம் நஷ்ட ஈடு கேட்கலாம். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை அமலில் இருக்கிறது. தெரியாததால் மனுப் போடாமலே விட்டவர்கள் எத்தனை குடும்பமோ!

யாரிடம் கேட்பது?

இனி என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 நாள் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குடிதண்ணீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை எல்லாம் அங்கே பேசுகிறோம். ரோட்டில் சாகாமல் இருக்கும் வழியையும் அங்கே பேசலாம்.

பேசும்போது "விபத்தைத் தடுக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் அது பைலில் தூங்கும். இடத்தைச் சொல்ல வேண்டும். "இன்ன ஊர் விலக்கில், இன்ன வளைவில், இத்தனையாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் இன்ன குறை. இந்த 3 வருஷத்தில் இத்தனை பேர் விழுந்தார்கள், இத்தனை பேர் இறந்தார்கள்" என்று எழுத வேண்டும். போலீசில் பதிவாகாத விழுப்புண் கணக்கும் ஊரில் இருக்கும். காலில் தகடு வைத்தவர் யார், கை ஒடிந்தவர் யார் என்று டீக்கடையில் கேட்டால் ஒரு மணி நேரத்தில் கணக்கு வந்துவிடும்.

அந்தத் தீர்மானத்தின் நகலைக் கலெக்டரிடம் கொடுக்க வேண்டும். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குக் கலெக்டர்தான் தலைவர். போலீஸ், நெடுஞ்சாலைத் துறை, வட்டாரப் போக்குவரத்து அதிகாரி எல்லாரும் ஒரே மேஜையில் உட்காரும் இடம் அது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சாலையை முறைப்படி போடாததாலும் பராமரிக்காததாலும் உயிரோ உடலோ சேதமானால், பொறுப்பான துறைக்கோ காண்டிராக்டருக்கோ ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்க 2019 திருத்தத்தில் இடம் இருக்கிறது. முன்கூட்டியே எழுத்தில் கொடுத்த மனு கையில் இருந்தால், "எங்களுக்குத் தெரியாது" என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது.

நெடுஞ்சாலையில் 10 உயிர் போனால் அரசாங்கம் தானாக வரும். குன்றாண்டார்கோவில் ரோட்டில் அந்த 10-வது உயிருக்காக யாரும் காத்திருக்க முடியாது. முதல் உயிர் போவதற்கு முன்னாலேயே நாம்தான் போய்க் கூப்பிட வேண்டும்.

இன்று ராத்திரி வீட்டுக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். வழியில் எந்த இடத்தில் உங்கள் கை தானாகப் பிரேக்கைத் தேடுகிறது என்று பாருங்கள். அந்த இடத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். அடுத்த கிராம சபைக்கு அந்தத் தாளோடு போங்கள்.

அதுவரைக்கும், ஹெல்மெட் வாரைப் போட்டுக்கிட்டு, மெதுவாப் போங்க. வீட்டில் சோறு ஆறினால் மறுபடி சுட வைத்துக்கொள்ளலாம்.